சோற்றை விட்டால் போதுமா? தேங்காய்க்கும் கணக்கு உண்டு

தக்கலைப் பக்கம் இப்போது நிறையப் பேர் மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறார்கள். நான் சில வருடமாக இப்படித்தான் சாப்பிடுகிறேன் என்பதால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். நான் புதிதில் இடறிய இடங்களிலேயே அவர்களும் இடறுகிறார்கள். சீனி, மைதா ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கணக்கில்லாத தேங்காய்

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். மாவுச்சத்து இல்லையென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சோறு, மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) இரண்டையும் விட்டார். முதல் வாரம் எடை மளமளவென்று இறங்கியது. அப்புறம் அசையவே இல்லை. "சோறு தொடல்லல்லா மக்களே, பின்ன ஏன் இறங்கல்ல?" என்றார். அடுக்களைக்குப் போய்ப் பார்த்தேன். இறக்கி வைத்த அவியலில் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, பச்சைத் தேங்காய் எண்ணெயைப் பாட்டிலோடு கவிழ்த்துச் சுற்றி ஊற்றினார். சாளைக் கறியிலும் தேங்காய் அரைப்பு கொழகொழவென்று நின்றது.

மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி, துருவிய தேங்காய் 100 கிராமில் சுமார் 350. வெந்த சோறு 100 கிராமுக்கு ஏறக்குறைய 130தான். மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் கூடுதலாக உள்ளே போனால், விட்ட ஒரு தட்டுச் சோற்றின் கலோரி அப்படியே திரும்பிவிடும்.

முதல் வாரம் இறங்கியதும் பெரும்பாலும் தண்ணீர். உடம்பு சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைக்கோஜன் கரையும்போது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீரும் போகும். 2018-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இழந்தார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

அக்கா இப்போது எண்ணெயைக் கரண்டியில் அளந்துதான் ஊற்றுகிறார். எடை மெதுவாக இறங்குகிறது.

கருப்பட்டி

அதுவும் சீனிதான்.

நேந்திரங்காய் சிப்ஸ்

மாவுச்சத்தும் உண்டு, எண்ணெயும் உண்டு. வேண்டாம்.

சுகர் மாத்திரை

இதில் விளையாட வேண்டாம். இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் பழைய அளவிலேயே மருந்தைத் தொடர்ந்துகொண்டு சோற்றை நிறுத்தினால், சுகர் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடும் அபாயமும் உண்டு. முதலில் டாக்டரைப் பாருங்கள், மருந்தின் அளவை அவர் சரிசெய்யட்டும். அப்புறம் சோற்றைக் குறைக்கலாம்.