இணையவழி மனநல ஆலோசனை: என் முதல் வாரங்கள்

மண்டபம் என்ற கடலோர ஊரில் எங்கள் வீட்டுக்கு இரண்டே அறைகள்; அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்கு நான் பேசும் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். தூக்கமின்றித் தவித்து ஆலோசனைக்குப் பதிவு செய்தபோது இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. முதல் அமர்வில் ஆலோசகர் என் தூக்கம், பசி தொடங்கி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா என்பது வரை நிதானமாகக் கேட்டார். அவசரத்தில் அழைக்க ஒருவரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, உயிருக்கு ஆபத்து என்றால் தவிர நான் சொல்வது வெளியே போகாது என்றும் விளக்கினார். நானோ "ஆமாம்", "இல்லை" என்பதற்கு மேல் பேசவில்லை. வீடியோவும் அடிக்கடி நின்றுவிட்டது.

அடுத்த முறை இதை அவரிடமே சொன்னேன். அம்மா மீன் வாங்கக் கிளம்பும் காலை ஏழு மணிக்கு, வெறும் குரல் அழைப்பாக மாற்றிக்கொண்டோம். கதவிடுக்கில் பழைய சேலையைச் சுருட்டி வைத்துவிட்டு, கடலுக்குப் போன அப்பா திரும்பாத இரவைப் பற்றி அன்றுதான் வாய்விட்டுப் பேசினேன். பிறகு இரண்டு நாள் மனம் இன்னும் கனத்தது. அது இயல்பே என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் நான் விட்டுவிடவில்லை. நான்காம் வாரத்தில் தூக்கம் மெல்லத் திரும்பியது.

கட்டணம் கட்ட இயலாதவர்கள், 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.