ஹினோக்கி பிளேடின் விரிசலை ஒட்டுதலும் காத்தலும்

மேசைப்பந்தில், மட்டையைப் பேனாவைப்போல் பிடித்து ஆடும் ஜப்பானிய பென்ஹோல்ட் ஆட்டத்திற்குரிய ஹினோக்கி (ஜப்பானிய சைப்ரஸ் மரம்) பிளேடு, அதாவது மட்டையின் மரப்பகுதி, பெரும்பாலும் 9 அல்லது 10 மி.மீ. தடிமனுள்ள ஒரே மரத்துண்டால் ஆனது. குறுக்கே ஒட்டிய அடுக்குகள் அதற்கு இல்லாததால், மேசை விளிம்பில் ஒருமுறை மோதினாலே மர இழையின் போக்கில் விரிசல் ஓடிவிடக்கூடும்.

விரிசலைக் கண்டதும் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். பிளேடின் மேல் ஒட்டியுள்ள ரப்பரை மூலையிலிருந்து சாய்வாக, மிக மெதுவாக உரியுங்கள். இழை எழும்பத் தொடங்கினால் இழுப்பதை நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து உரிப்பதே பாதுகாப்பானது. அவசரத்தில் நல்ல பிளேடுகள் பாழாவது இந்தக் கட்டத்தில்தான். பின்னர் விரிசலை விரலால் சற்றே விரித்து, வெள்ளை மரப்பசையைப் பல்குத்தியின் நுனியால் உள்ளே செலுத்தி, வழிந்ததை ஈரத்துணியால் துடைத்து, மெழுகுத்தாள் வைத்துக் கிளாம்பால் மிதமாக இறுக்கி, 24 மணி நேரம் அசையாமல் விட்டுவிடுங்கள். உடனடிப் பசையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது கடினமாக உறைவதால் பிறகு திருத்த இடம் தராது.

காய்ந்தபின் 400 எண் உப்புத்தாளால் இழையின் திசையிலேயே மெல்லத் தேய்த்து, நீரை அடிப்படையாகக் கொண்ட வார்னிஷை ஒரேயொரு மெல்லிய பூச்சாகத் துணியால் தடவுங்கள். தடித்த பூச்சு ஹினோக்கிக்கே உரிய மென்மையான தொடுவுணர்வைக் கெடுத்துவிடும். ரப்பரை ஒட்டியதும் விளிம்பு நாடாவைச் சுற்றுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் மட்டையை ஒருபோதும் விட்டுவைக்காதீர்கள்.