ஆவாரை, சங்குப்பூ: காட்டுப்பூ விதை எடுத்து முளைக்க வைப்பது எப்படி?

ஆவாரை விதையை அப்படியே மண்ணில் போட்டால் மாதக்கணக்கில் கல்லாகக் கிடக்கும். தண்ணீர் உள்ளே புகாத அளவுக்கு அதன் தோல் கெட்டி. சங்குப்பூவும் அதே ரகம்தான்.

முதலில் செடியைப் பாருங்கள். பொங்கல் காப்புக்கட்டுக்குக் கொத்துக் கொத்தாக ஒடித்த ஆவாரையில் நெற்று இருக்காது. ஒடிபடாத செடிகளாகத் தேடி, ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மிச்சம் அந்த இடத்துக்கே உரியது. நெற்று பழுப்பேறி, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். பச்சையாகப் பறித்தால் விதை சுருங்கிவிடும். சங்குப்பூவில் காத்திருக்கவும் கூடாது: நன்றாகக் காய்ந்த நெற்று முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைச் சிதறடிக்கும். பழுப்பானதுமே காம்போடு கிள்ளித் துணிப்பையில் போட்டு வாயைக் கட்டுங்கள், பைக்குள்ளேயே வெடிக்கட்டும். பனி உலர்ந்த பிறகு, பத்து மணிக்கு மேல் பறிப்பது நல்லது.

நிழலில் ஒரு வாரம் காயவைத்து, கசக்கி, முறத்தில் புடையுங்கள். விதையில் குண்டூசித் தலை அளவு வட்ட ஓட்டை தெரிந்தால் வண்டு துளைத்தது. அதன் முட்டை செடியிலேயே நெற்றின் மேல் இடப்பட்டிருக்கும், அதனால் நல்லதாகத் தெரியும் விதைக்குள்ளும் புழு இருக்கலாம். நன்கு காய்ந்த விதையை மூடிய பாட்டிலில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் புழு சாகும். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். பாட்டிலின் குளிர் விடும் முன் திறந்தால் விதையின் மேல் நீர் கோத்து, பிறகு பூஞ்சணம் பிடிக்கும். அதன்பின் காகித உறையில் பெயர், இடம், தேதி எழுதி வையுங்கள்.

விதைப்பதற்கு முந்தைய நாள்தான் தோலைக் கீற வேண்டும். கொஞ்சம் விதையென்றால், நெற்றோடு ஒட்டியிருந்த வடுவுக்கு எதிர்ப்பக்கம் உப்புத்தாளில் தேயுங்கள். உள்ளே வெளிர்நிறம் தெரிந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் பருப்பு காயப்பட்டு அழுகும். நிறைய இருந்தால் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, விதை மேல் ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். அடுப்பிலேயே வைத்து விதையை வேகவிடக் கூடாது. காலையில் பார்த்தால் சில விதைகள் உப்பி, தோல் மெத்தென்று இருக்கும். அவற்றை உடனே விதைக்கலாம். உப்பாதவற்றைத் தேயுங்கள்.

ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். ஆவாரைக்கு ஆணிவேர் சீக்கிரம் இறங்கும், பிடுங்கி நட்டால் வாடும். நிற்க வேண்டிய இடத்திலேயே விதையுங்கள், இல்லையென்றால் உயரமான நாற்றுப் பையில். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி நல்ல நேரம்.

தும்பைக்கு இந்தக் கீறல் எல்லாம் வேண்டாம். காய்ந்த பூக்கொத்தைத் தாளின் மேல் கவிழ்த்துத் தட்டினால் பொடி விதை கொட்டும். ஐந்து பங்கு மணலில் கலந்து தூவி, உள்ளங்கையால் அழுத்திவிடுங்கள். மேலே மண் போட்டு மூடாதீர்கள்.

செங்காந்தள் விதை எடுப்பவர்கள் கையுறை போடுங்கள். செடி முழுக்கக் கொல்சிசின் நஞ்சு, செக்கச் சிவந்த அந்த விதை குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. புதிதாக எடுத்த விதை முளைக்காது, சில மாதம் உறங்கித்தான் எழும்.