40 தாண்டி லா காலேஜ் போலாமா? சேர்றதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

நான் எல்.எல்.பி சேரும்போது எனக்கு 41. அதுக்கு முன்னாடி 18 வருஷம் மெடிக்கல் ரெப். இப்ப 46, தென்மாவட்டத்துல ஒரு சின்ன ஊர் கோர்ட்ல ஜூனியரா ஓடிட்டிருக்கேன். மாசத்துக்கு ரெண்டு பேராவது வந்து "சார் எனக்கு 43 ஆகுது, இப்ப சேந்தா சரியா வருமா"ன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் டீக்கடைல நின்னு சொல்லி சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிடலாம்னு. தமிழ்நாட்டு நிலவரம் மட்டும்தான் சொல்றேன், அதுவும் ஏற்கனவே ஒரு டிகிரி கையில இருக்கறவங்க சேர்ற 3 வருஷ கோர்ஸ் பத்தி.

முதல்ல எதுக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. மனசுக்குள்ள வச்சுக்காதீங்க, எழுதுங்க. என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப்பேருக்கு சொந்தத்துல ஒரு கேஸ் இருக்கும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, இல்ல வக்கீல் ஃபீஸ் வாங்கிட்டு ஏமாத்திட்டாருன்னு கோவம், நானே படிச்சு நானே வாதாடுறேன்னு கிளம்பிடுவாங்க. அவங்களுக்கு என் பதில் ஒண்ணுதான், வேணாம். சொந்த கேஸை நீங்களே நடத்துறதுக்கு டிகிரியே தேவையில்ல, பார்ட்டி இன் பெர்சனா ஆஜராகலாம். வக்கீல் வைக்க வசதி இல்லன்னா கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், பெண்களுக்கும் எஸ்.சி, எஸ்.டி ஆளுங்களுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே வக்கீல் வச்சுக் குடுப்பாங்க, 1987ம் வருஷ சட்டத்துலயே அது இருக்கு. நீங்க படிச்சு முடிச்சு வர்றதுக்குள்ள அந்த கேஸே அப்பீலுக்குப் போயிருக்கும்.

வேலையில இருந்துக்கிட்டே ஒரு எல்.எல்.பி இருந்தா புரமோஷனுக்கு ஆகும், ஹெச்.ஆர், பேங்க், ரெவின்யூ மாதிரி இடத்துல உதவும்னு நினைக்கறவங்க வேற ரகம். உங்களுக்கு பிராக்டிஸ் கவலை இல்ல, கீழ அட்டெண்டன்ஸ் விஷயத்தை மட்டும் நல்லா படிங்க. வண்டில அட்வகேட் ஸ்டிக்கர் ஒட்டணும்னு வர்றவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு சொல்ல ஒண்ணுமில்ல.

நிஜமாவே கோர்ட்ல நிக்கணும்னு ஆசைப்படறவங்க, அப்ளிகேஷன் வாங்கறதுக்கு முன்னாடி லீவு போட்டு 10 நாள் உங்க ஊர் முன்சீஃப் கோர்ட்ல பின் பெஞ்சுல போய் உக்காருங்க. யார் வேணா உள்ள போய் உக்காரலாம், செல்ஃபோனை மட்டும் சைலண்ட்ல போடுங்க. சினிமால பாத்ததெல்லாம் அங்க நடக்காது. காலைல பத்தரைக்கு கேஸ் கூப்பிட ஆரம்பிப்பாங்க, ஒவ்வொண்ணுக்கும் அரை நிமிஷம், வாய்தா, வாய்தா, வாய்தா. நான் உக்காந்த மூணாவது நாள் 2011ம் வருஷ நம்பர் போட்ட ஒரு சிவில் கேஸ் வந்துச்சு, மஞ்சப்பை வச்சிருந்த ஒரு ஆச்சி எந்திரிச்சு நின்னுச்சு, வக்கீல் ஏதோ சொன்னாரு, ஜட்ஜ் தலையாட்டுனாரு, முடிஞ்சுது. வெளிய வந்து அந்த ஆச்சி "என்ன தம்பி சொன்னாக"ன்னு கேட்டுச்சு. அவரு "அடுத்த மாசம் 14ம் தேதி ஆத்தா"ன்னாரு. அது பையில இருந்து ஒரு சின்ன டைரிய எடுத்து எங்கிட்ட நீட்டி "இதுல எழுதிக் குடுங்கய்யா"ன்னுச்சு, அந்தப் பக்கம் பூரா தேதியாத்தான் இருந்துச்சு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கையெழுத்து. இந்த மாதிரி பத்து நாள் பாத்ததுக்கு அப்புறமும் உங்களுக்கு சலிப்பு வரலன்னா, அந்த கேஸ் கட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னு கை அரிச்சுதுன்னா, அடுத்த பாராவுக்கு வாங்க.

தகுதி. வயசு பெரிய தடை இல்ல. வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் கட்டுப்படுத்துற பார் கவுன்சில் ஆஃப் இந்தியா, 2008 விதில 3 வருஷ கோர்ஸுக்கு 30 வயசுன்னு ஒரு வரம்பு வச்சாங்க, அதைச் சுத்தி பல வருஷம் கேஸ் நடந்து 2017ல சுப்ரீம் கோர்ட் அதுக்கு தடை போட்டுச்சு. முடிச்சப்புறம் வக்கீலா பதிவு பண்றதுக்கும் 1993ல 45 வயசுக்கு மேல ஆகாதுன்னு ஒரு விதி கொண்டு வந்தாங்க, 1995ல சுப்ரீம் கோர்ட் அதை தூக்கி எறிஞ்சிடுச்சு. ரிட்டயர் ஆகிட்டு வர்றவங்கல்லாம் அதனாலதான் பதிவு பண்ண முடியுது.

சிக்கல் வேற இடத்துல இருக்கு. 10, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி, இந்த வரிசைல படிச்சிருக்கணும். நம்ம வயசு ஆளுங்கள்ல நிறைய பேர் பத்தாவதோட வேலைக்குப் போயிட்டு பின்னாடி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல நேரா டிகிரி வாங்கியிருப்பாங்க, அது செல்லாது. பிளஸ் டூ முடிச்சுட்டு தபால்ல டிகிரி படிச்சது பரவால்ல, அது செல்லும். மார்க் பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், ஓ.பி.சிக்கு 42, எஸ்.சி, எஸ்.டிக்கு 40ன்னு பார் கவுன்சில் விதி, அந்த வருஷ பிராஸ்பெக்டஸ்ல என்ன போட்டிருக்குன்னு ஒருதடவை பாத்துக்கங்க. அரசு லா காலேஜுக்கு என்ட்ரன்ஸ் கிடையாது, டிகிரி மார்க்கை வச்சுத்தான் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் ரேங்க் போடும். இங்கதான் நமக்கு ஆப்பு. நம்ம காலத்துல 58 வாங்கினா அப்பா ஸ்வீட் வாங்கிட்டு வருவாரு, இப்ப பசங்க 82, 85ன்னு வர்றாங்க. எனக்கு கூப்பிட்டதே கடைசி ரவுண்டுல, அதுவும் வீட்ல இருந்து 70 கிலோமீட்டர் தள்ளி இருந்த காலேஜ். அரசு காலேஜ்ல ஃபீஸ் ரொம்பக் கம்மி, தனியார்ல லட்சக்கணக்குல போகும், அதனால அரசு காலேஜ் கிடைக்கலன்னா என்ன பண்ணுவீங்கன்னு இப்பவே முடிவு பண்ணி வைங்க, கவுன்சிலிங் அன்னைக்கு பதட்டத்துல முடிவு பண்ணாதீங்க.

அடுத்தது அட்டெண்டன்ஸ், முக்கால்வாசிப் பேரு ஏமாறுற இடம். லா டிகிரிய தபால்ல படிக்க முடியாது, ஈவ்னிங் காலேஜ்ங்கறதும் பழைய கதை, இப்ப கிளாஸ் காலை 8ல இருந்து ராத்திரி 7க்குள்ள நடக்கணும். ஒவ்வொரு பாடத்துலயும் 70 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும்னு பார் கவுன்சில் விதி. 2024 செப்டம்பர்ல இன்னொரு சர்குலர் விட்டாங்க, பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸ், சிசிடிவி, அதோட நீங்க வேலைல இருக்கீங்களா, இருந்தா கம்பெனில என்.ஓ.சி வாங்குனீங்களான்னு எழுதிக் குடுக்கணும். ஆக ஒன்பதுல இருந்து ஆறு வேலை பாக்குற ஒருத்தர் வேலைய விடாம ரெகுலரா படிக்கறது நியாயமா நடக்காத காரியம். நைட் ஷிஃப்ட், சொந்தக் கடை, பென்ஷன், நீண்ட லீவு, இப்படி ஏதாவது இருந்தாத்தான் ஓடும்.

உடனே ஒரு புரோக்கர் வருவாரு. "பார்டர் தாண்டி ஒரு காலேஜ் இருக்குண்ணே, பரீட்சைக்கு மட்டும் போனா போதும், அட்டெண்டன்ஸ் நாங்க பாத்துக்கறோம்"பாரு. எனக்கும் வந்தாரு. ஒரு வருஷத்துக்கு இவ்வளவுன்னு ரேட் கார்டே வச்சிருந்தாரு. சென்னை ஹைகோர்ட்டே இந்த மாதிரி காலேஜ்களை லெட்டர்பேட் காலேஜ்னு, அதாவது வெறும் பேப்பர்ல மட்டும் இருக்கற காலேஜ்னு, கடுமையா பேசியிருக்கு. புரமோஷனுக்கு படிக்கறவங்களுக்கு இன்னும் டேஞ்சர், ஏன்னா ஆஃபீஸ்ல கையெழுத்து போட்ட அதே நாள்ல 400 கிலோமீட்டர் தள்ளி கிளாஸ்ல இருந்ததா ரெக்கார்டு இருக்கும், ஒரு ஆர்.டி.ஐ போட்டா டிகிரியும் போச்சு, வேலையும் போச்சு.

இப்ப பணம். எல்லாரும் 3 வருஷத்துக்கு கணக்கு போடுறாங்க, அது தப்பு. குறைஞ்சது ஆறு வருஷத்துக்கு போடுங்க. படிப்பு 3. அப்புறம் பதிவு, அதுக்கு ஃபீஸ் 750 ரூபாதான், எஸ்.சி, எஸ்.டிக்கு 125, அதுக்கு மேல வாங்கக்கூடாதுன்னு 2024 ஜூலை 30ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. முன்னாடி பல ஆயிரம் வாங்குனாங்க, நான் அந்த தீர்ப்பு வந்து கொஞ்ச நாள்ல பதிவு பண்ணேன், என் நல்ல நேரம். பதிவு பண்ணி 2 வருஷத்துக்குள்ள அகில இந்திய பார் தேர்வு பாஸ் பண்ணணும், 100 கேள்வி, தமிழ்லயும் எழுதலாம், குறிப்பு இல்லாத வெறும் சட்டப் புத்தகத்தை உள்ள கொண்டு போலாம், அதுக்கு பயப்பட வேணாம். பயப்பட வேண்டியது ஜூனியர் காலம். ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவைல மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 குடுக்கணும்னு 2024 ஜூன்ல ஹைகோர்ட் சொல்லிருக்கு. எங்க ஆஃபீஸ்ல சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கவர் வரும், பெட்ரோலுக்கும் மதிய சாப்பாட்டுக்கும் சரியா இருக்கும், அவ்வளவுதான். சீனியர் மேல குத்தம் சொல்லல, அவங்களுக்கு வர்றதே அப்படி இப்படின்னுதான் வருது.

சைடுல சம்பளத்துக்கு வேலை பாத்துக்கலாம்னு நினைக்காதீங்க, முழுநேர சம்பள வேலைல இருக்கறவங்க பிராக்டிஸ் பண்ணக்கூடாது, பார் கவுன்சில் விதி 49. கடை வச்சிருந்தா நீங்களே நின்னு வியாபாரம் பண்ணக்கூடாது, பேருக்கு பார்ட்னரா இருக்கலாம், அதனால கடைய மனைவி பேருக்கோ மகன் பேருக்கோ மாத்த முடியுமான்னு இப்பவே பாருங்க. நான் வேலைய விட்டப்ப வந்த பி.எஃப் பணத்தை தொடவே இல்ல, மனைவி டீச்சர் சம்பளத்துல வீடு ஓடுச்சு, காரை வித்துட்டு பஸ் பாஸ் எடுத்தேன். உங்க பையனோ பொண்ணோ எந்த வருஷம் காலேஜ் சேருது, வீட்டு லோன் எந்த வருஷம் முடியுது, இது ரெண்டையும் அந்த ஆறு வருஷத்துக்குப் பக்கத்துல எழுதிப் பாருங்க. ரெண்டும் ஒரே வருஷத்துல மோதுச்சுன்னா சேர்றதை தள்ளிப்போடுங்க, தப்பே இல்ல.

அப்புறம் மானம் மரியாதை. என் சீனியருக்கு 36 வயசு. என்னை அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க, நான் மேடம்பேன். "அண்ணே, அந்த கேஸ் கட்டை எடுத்துக்கிட்டு சப் கோர்ட்டுக்கு ஓடுங்க, பேர் கூப்பிட்டா பாஸ் ஓவர் கேளுங்க"ன்னு சொன்னா ஓடணும். பாஸ் ஓவர்னா கேஸை கொஞ்ச நேரம் கழிச்சு கூப்பிடச் சொல்லிக் கேக்குறது. பெட்டிஷன் ரிட்டர்ன் ஆச்சுன்னா கிளார்க் முன்னாடி பல்லைக் காட்டணும். மேனேஜரா இருந்து நாலு பேரை வேலை வாங்குன ஆளுக்கு இது சீரணிக்காது. எனக்கு ஒத்து வந்ததுக்கு காரணம், 18 வருஷம் டாக்டர் ரூம் வாசல்ல பையை வச்சுக்கிட்டு நின்னு பழகுன உடம்பு இது.

அந்தப் பழைய தொழில் இன்னொரு விதத்துலயும் சோறு போடுது. ஆக்சிடென்ட் க்ளெய்ம் கேஸ் வந்தா டிஸ்சார்ஜ் சம்மரி, காயச் சான்று எல்லாம் என் டேபிளுக்குத்தான் வரும், டாக்டர் கிறுக்கல்ல எழுதுனதை படிக்க எங்க ஆஃபீஸ்ல என்னை விட்டா ஆளில்ல. எந்த மாத்திரை எதுக்கு குடுத்தாங்கன்னு பாத்தே தலைல அடி எவ்வளவு பெருசுன்னு சொல்லிடுவேன், அதை வச்சு மேடம் டாக்டர் சாட்சிகிட்ட கேள்வி கேப்பாங்க. அதனால உங்களையே ஒருதடவை கேட்டுக்கங்க, இத்தனை வருஷம் பாத்த வேலைல கோர்ட்டுக்கு ஆகுற சரக்கு என்ன இருக்கு. பேங்க்ல இருந்தீங்கன்னா செக் பவுன்ஸ், லோன் கேஸ். சர்வே, ரெவின்யூன்னா பட்டா, நிலத்தோட அளவு போட்ட எஃப்.எம்.பி ஸ்கெட்ச் எல்லாம் தண்ணிபட்ட பாடு, சிவில் ஆஃபீஸ்ல உங்களை கொத்திட்டு போயிடுவாங்க. எந்த சரக்கும் தோணலன்னா, 24 வயசுப் பசங்களோட வெறும் கையோட போட்டி போடப் போறீங்கன்னு அர்த்தம், அதுங்களுக்கு ஓடுறதுக்கு கால் இருக்கு, காத்திருக்க வருஷமும் இருக்கு. ஜட்ஜ் ஆகணும்னு கனவு இருந்தா அதையும் இப்பவே ஆறப் போடுங்க, சிவில் ஜட்ஜ் பரீட்சைக்கு வயசு வரம்பு இருக்கு, 2025 மே மாசத் தீர்ப்புக்கு அப்புறம் 3 வருஷ பிராக்டிஸும் வேணும், 40ல சேர்ற ஆளுக்கு கணக்கு இடிக்கும்.

படிப்பு முடியுமான்னு பயப்படறவங்களுக்கு, மூளை ஓடும், கைதான் ஓடாது. 20 வருஷமா கையெழுத்து போடறதைத் தவிர பேனா பிடிச்சிருக்க மாட்டோம். முதல் செமஸ்டர்ல 3 மணி நேரப் பரீட்சை, ரெண்டாவது மணி நேரத்துல கட்டை விரல் இழுத்துக்கிச்சு, கடைசி ரெண்டு கேள்விய பாயிண்ட் பாயிண்டா கிறுக்கிட்டு வந்தேன், அந்த பேப்பர் அரியர். அப்புறம் தினம் ராத்திரி என் பொண்ணோட பழைய ரஃப் நோட்டுல 4 பக்கம் எழுதுவேன், அவ ஹோம்வொர்க் பண்ற அதே டேபிள்ல. சேர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடியே எழுத ஆரம்பிங்க. இன்னொரு ஆறுதல், நான் மூணு வருஷம் உருப்போட்டது ஐ.பி.சி, முடிச்சு வெளிய வந்த நேரத்துல 2024 ஜூலை 1ல அதுக்கு பதிலா பி.என்.எஸ்ங்கற புது குற்றவியல் சட்டம் வந்துடுச்சு, 302 போய் 103 ஆச்சு, 420 போய் 318 ஆச்சு. 30 வருஷ சீனியரும் புத்தகத்தைப் புரட்டுறாரு, நானும் புரட்டுறேன்.

இதெல்லாம் படிச்சும் சேர்றதா இருந்தா, இன்னைக்கே பீரோவைத் திறந்து டி.சி, கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், கான்வொகேஷன் சர்டிஃபிகேட், கம்யூனிட்டி சர்டிஃபிகேட் நாலும் இருக்கான்னு பாருங்க. எனக்கு டிகிரி சர்டிஃபிகேட் கரையான் தின்னு போயிருந்துச்சு, டூப்ளிகேட் வாங்க போலீஸ் ஸ்டேஷன், பேப்பர் விளம்பரம், யுனிவர்சிட்டின்னு அலைஞ்சு வாங்கறதுக்குள்ள அந்த வருஷ அட்மிஷன் முடிஞ்சு போச்சு. 40லயே சேந்திருக்க வேண்டியவன், 41 ஆனது அதனாலதான்.