கடனைப் பேசித் தீர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் பாபநாசத்திலிருந்து வந்த ஓர் இளைஞர், 40,000 ரூபாய்க்கான ரசீது ஒன்றைக் காட்டித் தம் தனிநபர் கடன் முடிந்துவிட்டதாகச் சொன்னார். அந்தக் கடன் முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கிடைத்த ரசீதிலும் இதே இரண்டு சொற்கள்தாம் இருந்தன: 'பார்ட் பேமெண்ட்', அதாவது கடனில் ஒரு பகுதி மட்டும் கட்டப்பட்டது.

வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டுவது

2018 நவம்பரில் வீசிய கஜா புயல் பேராவூரணிப் பக்கத்தில் இருந்த எங்கள் தோப்பைச் சாய்த்த பிறகு, என்னால் தவணை கட்ட முடியவில்லை. வட்டியோடு 1,80,000 ரூபாய் நிலுவையாக நின்றபோது வசூலுக்கு வந்தவர், 70,000 கட்டினால் கணக்கை முடித்துவிடலாம் என்று திண்ணையில் உட்கார்ந்து உறுதியாகச் சொன்னார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, மறுநாளே அவர் கையில் பணத்தைக் கொடுத்தேன். ஓராண்டு கழித்து மீதிப் பணத்தையும் அதற்கான வட்டியையும் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்த மனிதர் வேலையை விட்டுப் போயிருந்தார். அவர் சொன்னதற்கு எந்தச் சான்றும் என்னிடம் இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அதே திண்ணைப் பேச்சை நம்பி இன்னும் பலர் பணம் கொடுப்பதைப் பார்க்கும்போது அந்த ஆத்திரம் இரட்டிப்பாகிறது.

வசூலுக்கு வருபவருக்குத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் கிடையாது. ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் வெளியிட்ட நெறிமுறையின்படி, கடனை அனுமதித்தவரைவிட ஒரு படியாவது மேலே உள்ள அதிகாரியோ குழுவோதான் சமரசத் தீர்வுக்கு ஒப்புதல் தர முடியும். ஆகவே கடன் கணக்கு எண், மொத்த நிலுவை, ஒப்புக்கொண்ட தொகை, கட்ட வேண்டிய தேதி, அதைக் கட்டியபின் மீதியைக் கோரமாட்டோம் என்ற வாசகம் ஆகிய ஐந்தும் உள்ள கடிதம் வங்கியின் பெயரில் கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். வந்த கடிதம் உண்மையானதுதானா என்று கிளையில் கேட்டு உறுதி செய்துகொண்டு, கடன் கணக்கிலேயே நேராகக் கட்டுங்கள். கட்டிய பின் நிலுவையின்மைச் சான்றிதழை வாங்காமல் விடாதீர்கள்.

அறுவடையை நம்பித் தேதி கொடுப்பது

தை மாதம் சம்பா வந்துவிடும் என்று பொங்கலை ஒட்டித் தேதி கொடுப்பவர்கள் எங்கள் பகுதியில் ஏராளம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிக் காயவைத்துக்கொண்டு காத்திருக்க நேரும். கடிதத்தில் உள்ள தேதி தவறினால் தள்ளுபடியே ரத்தாகிவிடும் என்பதால், பணம் கணக்கில் ஏறிய பிறகே பேச்சைத் தொடங்குங்கள். முடியாவிட்டால் இரண்டு மாத அவகாசமாவது கேளுங்கள்.

மீட்டர் வட்டிக்கு வாங்கி வங்கிக் கடனைத் தீர்ப்பது

செய்யாதீர்கள்.

இரவு அழைப்புக்குப் பயந்து ஒப்புக்கொள்வது

காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

'செட்டில்டு' என்ற பதிவை மறந்துவிடுவது

தள்ளுபடியில் முடித்த கடன், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் முழுதாகக் கட்டி முடித்ததைக் குறிக்கும் 'குளோஸ்டு' என்று வராது; 'செட்டில்டு' என்றே வரும். அடுத்த கடன் கேட்கும்போது வங்கி அதைப் பார்க்கும். பிள்ளைக்குக் கல்விக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், முழுத் தொகையையும் நீண்ட தவணையில் கட்ட முடியுமா என்றே முதலில் கேளுங்கள்.

புரோநோட்டைத் திரும்ப வாங்காமல் வருவது

ஊர்க்காரரிடம் வாங்கிய கடனில் இது அடிக்கடி நடக்கிறது. நோட்டின் பின்பக்கத்தில் ஒரு சிறு தொகையை வரவு வைத்துக் கையெழுத்திட்டால், வழக்குப் போடுவதற்கான மூன்றாண்டுக் காலவரம்பு அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். கணக்கை முடிக்கும் நாளில் சாட்சி ஒருவரை அழைத்துச் சென்று, அசல் நோட்டைக் கையில் வாங்கி, அதில் உள்ளது உங்கள் கையெழுத்துதானா என்று பார்த்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.