ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது என்ன சொல்வது?

மருந்து கொடுக்கும் மேசையில் அதிகம் காதில் விழும் அறிவுரை, ‘சாப்பிட்ட பிறகு போடுங்கள், கோர்ஸை முடித்துவிடுங்கள்’ என்பதுதான். எந்த ஆன்டிபயாடிக் ஆனாலும் அதே இரண்டு வாக்கியம்தான். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் சிப்ரோஃப்ளாக்சசினை இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்குபவருக்கும், டாக்சிசைக்கிளினை ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுவிட்டு உடனே படுக்கப் போகிறவருக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. மருந்தாளுநராகவோ செவிலியராகவோ புதிதாகப் பணிக்கு வந்திருப்பவர்களுக்காக, நான் பின்பற்றும் வரிசையை எழுதுகிறேன். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை முடிவு செய்வது மருத்துவர். எழுதிக் கொடுத்த மருந்து வீணாகாமல் வேலை செய்யப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

படி 1: சொல்வதற்கு முன் கேளுங்கள்

‘அலர்ஜி இருக்கிறதா?’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே பதில் வரும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: ‘இதற்கு முன் ஏதாவது மாத்திரை போட்டு உடம்பு தடித்தது, முகம் வீங்கியது, மூச்சு முட்டியது உண்டா?’ இப்போது நோயாளி யோசிக்க ஆரம்பிப்பார்.

‘பென்சிலின் எனக்கு ஒத்துக்கொள்ளாது’ என்று ஒருவர் சொன்னால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். என்ன ஆனது, எப்போது ஆனது, மருந்து போட்டு எவ்வளவு நேரத்தில் ஆனது என்று கேளுங்கள். வயிறு புரட்டியது மட்டும்தான் என்றால் அது ஒவ்வாமை அல்ல, பக்கவிளைவு. பென்சிலின் ஒவ்வாமை இருப்பதாகச் சொல்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு, முறையாகப் பரிசோதித்துப் பார்த்தால் அது இருப்பதில்லை. ஆனால் அந்தப் பரிசோதனையை நம் மேசையில் செய்ய முடியாது. மருந்து போட்ட ஒரு மணி நேரத்துக்குள் தடிப்போ முகவீக்கமோ மூச்சுத்திணறலோ வந்ததாகச் சொன்னால், அமாக்சிசிலினை எடுத்து வைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். அமாக்சிசிலினும் பென்சிலின் குடும்பம்தான் என்பது பல நோயாளிகளுக்குத் தெரியாது.

அடுத்து, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்க வேண்டும். இங்கேயும் பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். நெஞ்செரிச்சலுக்கு வாங்கும் ஆன்டாசிட், கால்சியம், இரும்புச்சத்து ஆகியவற்றை யாரும் மருந்து என்று கணக்கில் வைப்பதில்லை. பெயர் சொல்லிக் கேளுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மெட்ரோனிடசோலோ கோ-ட்ரைமாக்சசோலோ எழுதியிருந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். கொலஸ்ட்ராலுக்குத் தரும் சிம்வாஸ்டாட்டினோடு கிளாரித்ரோமைசின் கூடாது. தசை இறுக்கத்துக்குத் தரும் டிசானிடினோடு சிப்ரோஃப்ளாக்சசின் கூடாது. இந்தச் சேர்க்கைகளைப் பார்த்தால் நாமாக எதையும் மாற்றாமல் மருத்துவரிடம் பேசிய பிறகே மருந்து தர வேண்டும். கர்ப்பம், தாய்ப்பால், சிறுநீரகக் கோளாறு, வலிப்பு இவற்றையும் கேட்டுவிடுங்கள்.

படி 2: எதற்காக என்று ஒரு வாக்கியம்

‘இது உங்கள் சிறுநீர்த் தொற்றுக்கான மருந்து’ என்று சொன்னாலே போதும். எதற்கு என்று தெரிந்தவர்தான், இரண்டு மாதம் கழித்து சளி பிடித்தபோது மீதி மாத்திரையைத் தேடி எடுக்க மாட்டார். சளி, ஃப்ளூ போன்றவை வைரஸால் வருபவை; ஆன்டிபயாடிக் அவற்றை ஒன்றும் செய்யாது.

‘இன்னும் பவரானது எழுதியிருக்கக் கூடாதா?’ என்று கேட்பவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று குழுக்களாகப் பிரித்தது. அமாக்சிசிலின், டாக்சிசைக்கிளின், செஃபலெக்சின் போன்றவை முதலில் நாட வேண்டிய குழுவில் இருக்கின்றன. அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், செஃபிக்சைம் போன்றவை கவனத்தோடு பயன்படுத்த வேண்டிய குழுவில். பழைய, எளிய மருந்து எழுதப்பட்டிருந்தால் அது நல்ல தேர்வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதை நோயாளியிடம் தயங்காமல் சொல்லலாம்.

படி 3: எப்படி விழுங்குவது

நேரம் குறைவாக இருந்தால் மற்ற படிகளைச் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள்.

அமாக்சிசிலினைச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ எப்போது வேண்டுமானாலும் போடலாம். அதோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்திருந்தால், சாப்பிடத் தொடங்கும்போது போடச் சொல்லுங்கள். வயிற்றுத் தொந்தரவு குறையும், மருந்தும் நன்றாக உடலில் சேரும். இதில் ஒரு பொறி இருக்கிறது. 375 மில்லிகிராம் மாத்திரையிலும் 625 மில்லிகிராம் மாத்திரையிலும் கிளாவுலானிக் அமிலம் அதே 125 மில்லிகிராம்தான். 625 இருப்பில் இல்லை என்று இரண்டு 375 கொடுத்தால் அது இரட்டிப்பாகும்; வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

செஃபலெக்சின், செஃபிக்சைம் இரண்டுக்கும் உணவு பெரிய விஷயமில்லை. செஃபுராக்சைம் மாத்திரையை உணவோடு எடுத்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும். அசித்ரோமைசின் நாளைக்கு ஒரு வேளைதான், பல நேரங்களில் 3 நாள்தான். ‘இவ்வளவுதானா?’ என்ற சந்தேகம் வரும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: மாத்திரை முடிந்த பிறகும் அந்த மருந்து திசுக்களில் பல நாள் தங்கி வேலை செய்கிறது. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர் என்றால் கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் உறுதி செய்யுங்கள்.

டாக்சிசைக்கிளினுக்குத் தனியாக ஒரு நிமிடம் ஒதுக்க வேண்டும். இந்தக் கேப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே கரைந்து புண்ணாக்கிவிடும். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தோ நின்றோ விழுங்க வேண்டும். அதன் பிறகு குறைந்தது அரை மணி நேரம் படுக்கக் கூடாது. உறங்கப் போகும் நேரத்தில் போடவே வேண்டாம். வெயில் பட்டால் தோல் எளிதில் கன்றிவிடும் என்பதையும் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் பொதுவாக இதைத் தருவதில்லை. பற்களில் நிரந்தரக் கறை படியலாம் என்பது முக்கியக் காரணம். அப்படி ஒருவருக்கு எழுதியிருந்தால் மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

இந்த மருந்துக்கான பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

‘அம்மா, இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?’

‘ஆமாம், காலையில் ஒன்று. அது சத்து மாத்திரைதானே?’

‘சத்து மாத்திரைதான். ஆனால் இரண்டும் வயிற்றில் சேர்ந்தால் இந்தக் கேப்சூலை அது பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்தில் சேர விடாது. இந்தக் கேப்சூலைக் காலைச் சாப்பாட்டோடும் இரவுச் சாப்பாட்டோடும் போடுங்கள். இரும்பு மாத்திரையை நடுப்பகலுக்குத் தள்ளி வையுங்கள்.’

‘ராத்திரி சாப்பிட்டவுடன் படுத்துவிடுவேனே?’

‘அப்படியென்றால் சாப்பாட்டைக் கொஞ்சம் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. மாத்திரை போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.’

நோயாளியின் கடைசிக் கேள்வியைப் பாருங்கள். இரும்பு மாத்திரையைப் பற்றிக் கேட்கப் போய், அவர் இரவில் உடனே படுப்பவர் என்பது தெரியவந்தது. அவரைப் பேச விட்டால்தான் இப்படி ஒன்று வெளியே வரும்.

சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் இதே சிக்கல் உண்டு. ஆன்டாசிட், கால்சியம், இரும்பு, துத்தநாகம் இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ அதைப் போட வேண்டும். பாலையோ தயிரையோ மட்டும் குடித்து அதோடு விழுங்கக் கூடாது. முழுச் சாப்பாட்டில் கொஞ்சம் பால் பொருள் கலந்திருந்தால் பரவாயில்லை. குதிகால் பின்புறத்திலோ தோள்பட்டையிலோ வலியும் வீக்கமும் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேச வேண்டும். தசைநாண் கிழியும் அபாயத்துக்காக 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தக் குடும்ப மருந்துகளின் குறிப்புத்தாளில் கட்டமிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இந்த அபாயம் கூடுதல். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுபவருக்கு இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கவும் கூடும்.

மெட்ரோனிடசோல் போடும் நாட்களிலும் முடிந்த பிறகு 2 முதல் 3 நாட்கள் வரையிலும் மது கூடாது. ‘குடிப்பீர்களா?’ என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம். ‘இது எல்லோருக்கும் சொல்வது: மது கலந்த எதுவும் வேண்டாம், சில இருமல் சிரப்களிலும் இருக்கும்’ என்று சொன்னால் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். வாயில் உலோகச் சுவை தெரியும், சிறுநீர் கருமையாகலாம். இரண்டும் பயப்படத் தேவையில்லாதவை.

நைட்ரோஃபுரன்டாயினை உணவோடு எடுக்க வேண்டும், சிறுநீர் பழுப்பாகும். கோ-ட்ரைமாக்சசோலுக்குத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

படி 4: எது வந்தால் பொறுக்கலாம், எது வந்தால் ஓட வேண்டும்

பக்கவிளைவுகளின் முழுப் பட்டியலையும் ஒப்பித்தால் நோயாளி மாத்திரையைத் தொடவே பயப்படுவார். இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள். லேசான குமட்டல், இளகிய மலம் ஆகியவை பெரும்பாலும் தானே அடங்கும், மருந்தைத் தொடரலாம்.

முகமோ நாக்கோ வீங்குவது, மூச்சுத்திணறல், தோலில் கொப்புளம், வாயிலும் கண்ணிலும் புண் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தண்ணீராக அடிக்கடி போகும் வயிற்றுப்போக்கு, அதில் இரத்தம், கூடவே காய்ச்சல் என்றாலும் தாமதிக்கக் கூடாது. குடலில் நல்ல கிருமிகள் அழிந்த இடத்தைக் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பிடித்துக்கொள்வதால் இப்படி ஆகலாம். மருந்து முடிந்து சில வாரங்கள் கழித்தும் வரலாம். அப்போது வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள்.

கருத்தடை மாத்திரை வேலை செய்யாமல் போய்விடுமா என்று பெண்கள் கேட்பார்கள். சிலர் கேட்கக் கூச்சப்படுவார்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினின் குடும்பம் அதை உண்மையிலேயே பலவீனமாக்கும். இங்கே பேசிய மற்ற மருந்துகளில், கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் மட்டுமே கவலை.

படி 5: நேரம், விட்டுப்போன வேளை, எத்தனை நாள்

8 மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் காலை 6, பகல் 2, இரவு 10 என்று மணியைச் சொல்லி அட்டையில் எழுதிக் கொடுங்கள். ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்தவுடன் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிட வேண்டும். இரண்டைச் சேர்த்துப் போடவே கூடாது.

‘கோர்ஸை முடியுங்கள்’ என்ற வாசகத்தை நான் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் ஆற்றிய நோபல் உரையிலேயே, போதாத அளவில் மருந்து எடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அதே நேரம், பல தொற்றுகளுக்குக் குறைந்த நாட்களே போதும் என்பதும் பிறகு தெளிவாகியிருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றுக்குப் பென்சிலின் 10 நாள் வரை தேவைப்படலாம். எளிய சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃபுரன்டாயின் 5 நாள் போதலாம். அதனால் நான் சொல்வது: ‘மருத்துவர் எழுதிய நாள் வரை போடுங்கள். இடையில் சரியாகிவிட்டது, நிறுத்தலாமா என்று தோன்றினால் அவரிடம் கேளுங்கள்.’ 2 முதல் 3 நாட்களாகியும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் காத்திராமல் மீண்டும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 6: குழந்தைக்குச் சிரப் என்றால்

பொடியை நீங்களே கலந்து கொடுப்பது நல்லது. வீட்டில்தான் கலக்கப் போகிறார்கள் என்றால் செய்து காட்டுங்கள்: பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கோட்டுக்குக் கீழே வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் கோடு வரை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் குலுக்கிய பிறகே அளக்க வேண்டும். வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. மில்லிலிட்டர் குறித்த சிரிஞ்சையே கொடுத்து, எந்தக் கோடு வரை என்று அதன் மேல் பேனாவால் அடையாளம் போட்டுவிடுங்கள்.

கலந்த அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமில சிரப் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். கிளாரித்ரோமைசின் சிரப்பைக் குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது. எல்லாவற்றையும் உள்ளே தள்ளுவதுதான் பெற்றோரின் வழக்கம் என்பதால் இதைச் சொல்லாமல் விடாதீர்கள். கலந்த தேதியையும் தூக்கி எறிய வேண்டிய தேதியையும் பாட்டிலில் எழுதுங்கள். குடித்து அரை மணி நேரத்துக்குள் குழந்தை வாந்தி எடுத்துவிட்டால் பொதுவாக அந்த வேளையை மறுபடியும் கொடுக்கலாம். மறுபடியும் வாந்தி என்றால் மருத்துவரை அழைக்க வேண்டும்.

படி 7: திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்

‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும். வீட்டில் போய் எப்படிப் போடுவீர்கள், ஒரு முறை சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் அவருக்குத் தேர்வெழுதும் உணர்வு வராது. ‘காலையிலும் ராத்திரியிலும், சாப்பாட்டோடு, இரும்பு மாத்திரையோடு சேர்க்காமல்’ என்று சொல்லிவிட்டு, படுப்பதைப் பற்றி விட்டுவிட்டால், அதை மட்டும் திரும்பச் சொல்லி அட்டையிலும் எழுதிக் கொடுங்கள். முழுவதையும் முதலிலிருந்து ஆரம்பித்தால் சரியாகப் புரிந்ததும் குழம்பிவிடும்.