புது ரைஃபிளும் அதற்குப் பிடித்த தோட்டாவும்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலை ரைஃபிள் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியதிலிருந்து, பாளையங்கோட்டையில் என்னைத் தேடி வருகிறவர்களின் பேச்சு மாறியிருக்கிறது. முன்பு ஏர் ரைஃபிளைப் பற்றித்தான் கேட்பார்கள். இப்போது அந்தப் போட்டியில் தோட்டா போட்டுச் சுடும் பாயிண்ட் 22 ரைஃபிளைப் பற்றிக் கேட்கிறார்கள். கயத்தாறிலிருந்து பயிற்சிக்கு வரும் ஒரு மாணவியின் அப்பா, "அண்ணாச்சி, புது மோட்டார் சைக்கிளை முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்குவது போல இதையும் பழக்க வேண்டுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கிளப் ரைஃபிள்களைப் பிரித்துத் துடைத்துப் பூட்டும் பொறுப்பு என்னுடையது என்பதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும் கேட்கிற உரிமத்தை முறையாக வாங்கியவர்களுக்காக, அனுமதி பெற்ற சுடுதளத்தில் செய்ய வேண்டியதைத்தான் சொல்கிறேன். உரிமத்தில் எத்தனை தோட்டா எழுதியிருக்கிறதோ, அதுதான் நம் சோதனைக்கும் எல்லை. ஆகவே ஒவ்வொரு தோட்டாவும் நமக்கு ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். கணக்கில்லாமல் சுட்டுத் தள்ள இங்கே யாருக்கும் வழியில்லை.

முதலில் குண்டைப் புரிந்துகொள்ள வேண்டும். பாயிண்ட் 22 லாங் ரைஃபிள் குண்டு வெறும் ஈயம். எடை 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். மேலே மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். பெரிய ரைஃபிள்களின் குண்டுக்குச் செம்பு உறை உண்டு. அந்தச் செம்பு புதுப் பேரலின் உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஒரு குண்டு சுட்டு ஒரு முறை துடை, மறுபடி சுட்டு மறுபடி துடை என்கிற வழக்கம் அங்கிருந்து வந்தது. நம் ரைஃபிளில் செம்புக்கே இடமில்லை. பேரலில் படிவது மெழுகும் கரியும் சிறிது ஈயமும்தான். நல்ல போட்டி ரைஃபிளின் பேரல் ஆலையிலேயே உள்முகம் மழுமழுவென்று தேய்க்கப்பட்டு வருகிறது. அதன் உள்ளே மெழுகுப் படலம் ஒரே சீராகப் படிய வேண்டும். படியும் வரை குண்டுகள் கொஞ்சம் அலையும். பழக்குவது என்பதன் பெரும்பகுதி இவ்வளவுதான். பேரலைப் 'பதப்படுத்த' உராய்வுப் பசை தேய்க்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தேய்ந்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

பெட்டியிலிருந்து எடுத்ததும் போல்ட்டை, அதாவது தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் உருளையைக் கழற்றி, தோட்டா அறை காலியா என்று கண்ணால் பாருங்கள். கடைக்காரர் பார்த்தார், நண்பர் பார்த்தார் என்பது கணக்கில் சேராது. ஆலையில் துருவுக்குப் பூசிய எண்ணெய் உள்ளே கெட்டியாக இருக்கும். துடைக்கும் ராட் நேராகப் போக உதவும் வழிகாட்டிக் குழாயைப் பின்பக்கம் பொருத்தி, மேலே பூச்சுள்ள ஒற்றைத் தண்டு ராடால் பின்னாலிருந்து முன்னால் துணியைத் தள்ளுங்கள். முன்முனை வழியாக ராடை ஒருபோதும் நுழைக்கக் கூடாது. துணிக்கு நான் பழைய வெள்ளை வேட்டியைத்தான் சதுரமாக வெட்டி வைத்திருக்கிறேன். பலமுறை துவைத்த பருத்தியில் பஞ்சு உதிராது. துணி உலர்ந்து, வெள்ளையாக வெளியே வரும் வரை தள்ளுங்கள்.

அடுத்து பேரலின் முன்முனை. குண்டு கடைசியாகத் தொட்டு விடுபடுகிற விளிம்பு அது. வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸை வாங்கி, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்களின் ஓரம் சுற்றிலும் ஒரே மாதிரி மின்ன வேண்டும். பிறகு காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை உள்ளே கொஞ்சம் விட்டு, விளிம்பைத் தொட்டபடி வெளியே இழுங்கள். எங்கேனும் பிசிர் இருந்தால் அந்த இடத்தில் ஒரு நூல் மாட்டிக்கொள்ளும். ஒரே ஒரு நூல் மாட்டினாலும் நீங்களே அரம் வைக்காமல் விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

தோளில் ஊன்றும் கட்டையான ஸ்டாக்கையும் ரைஃபிளின் உடலையும் பிணைக்கிற திருகுகளைக் கைவாகில் முறுக்குவது பெரிய தப்பு. எவ்வளவு முறுக்கு என்று தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும்; பல ரைஃபிள்களில் 5 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். பைக் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிற பெரிய டார்க் ரெஞ்ச் இந்தச் சிறிய அளவைச் சரியாகக் காட்டாது. கியர் சைக்கிள் பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும் சின்ன ரெஞ்ச் வேண்டும். இரண்டு திருகையும் விரலால் பொருத்திவிட்டு, பிறகு மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மர ஸ்டாக் என்றால் சில நூறு குண்டுகளுக்குப் பிறகு ஒரு முறை சரிபார்த்தாக வேண்டும். குற்றாலத்தில் சாரல் இறங்குகிற மாதங்களில் மரம் ஈரம் வாங்கி உப்பும், பங்குனி சித்திரையில் சுருங்கும்.

இனிச் சுடலாம். முதல் பத்துக் குண்டு சுட்டதும் ஓர் உலர்ந்த துணியைத் தள்ளிப் பாருங்கள். கறுப்பு என்றால் கரி. சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும் செதில்கள் என்றால் ஈயம். ஆரம்பத்தில் கொஞ்சம் ஈயம் வருவது சகஜம். இப்படிப் பத்துப் பத்தாக மூன்று நான்கு முறை பார்த்தால், செதில் குறைந்துகொண்டே போவது தெரியும். அதன் பிறகு துணியை ஒதுக்கிவிட்டு ஒரே வகைத் தோட்டாவில் இருநூறு குண்டு வரை நிதானமாகப் பயிற்சியில் செலவிடுங்கள். அதுவரை எந்தக் குரூப்பையும், அதாவது ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகளின் துளைக் கூட்டத்தையும் வைத்து ரைஃபிளைப் பாராட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். பல நூறு குண்டுக்குப் பிறகும் ஈயச் செதில் கொட்டினால், பேரலில் குறை இருக்கிறது என்று புகார் எழுதலாம்.

எனக்குச் சொல்ல இருக்கிற முக்கியமான விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். பாயிண்ட் 22 ரைஃபிளில் நீங்கள் எதைத் திருகினாலும், எதை மாற்றினாலும், சரியான லாட் (ஆலையில் ஒரே தொகுதியாகத் தயாரான) தோட்டா கொடுக்கிற பலனுக்குப் பக்கத்தில் அது வராது. ஈலி டெனெக்ஸ், ஆர்டபிள்யூஎஸ் ஆர்50, லாப்புவா எக்ஸ்-ஆக்ட் எல்லாமே உயர்ந்த தோட்டாக்கள். ஆனால் ஒரே பெயருள்ள தோட்டாவின் இரண்டு லாட்கள், ஒரே பேரலில் இரண்டு விதமாகப் போகும். பக்கத்து இடத்தில் படுத்துச் சுடுகிறவருடைய ரைஃபிளுக்குப் பொருந்திய லாட் உங்களுடையதில் சிதறலாம். எந்த லாட் பொருந்தும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பெட்டியில் அச்சிட்ட லாட் எண்ணைப் படிக்காமல் தோட்டா வாங்குகிறவர் பாதிப் பணத்தை வீணடிக்கிறார்.

என்ன தேடுகிறோம் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 50 மீட்டர் இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். விளிம்பு வட்டத்தைத் தொட்டாலும் பத்துதான். ஆகவே எல்லாக் குண்டும் பத்தில் விழ, துளைகளின் வெளி ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை குரூப் 21.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதில் உங்கள் கை நடுக்கத்துக்கும் காற்றுக்கும் இடம் விட வேண்டாமா? அதனால் தாங்கியில் வைத்துச் சுடும்போது பத்துக் குண்டுக் குரூப் 16 மில்லிமீட்டருக்குள் வருகிற லாட்டைத் தேடுங்கள். 14 வந்தால், உரிமமும் கையிருப்பும் அனுமதிக்கிற அளவுக்கு அந்த லாட்டையே வாங்கிவிடுங்கள்.

சோதிக்கும் முறை இது. ஐந்தாறு லாட்களில் ஐம்பது தோட்டாப் பெட்டி ஒவ்வொன்று வாங்குங்கள். பிராண்டு மாறும்போது மெழுகும் மாறுகிறது; ஆகவே முதல் பத்துக் குண்டை ஓர் ஓரத் தாளில் சுட்டுவிடுங்கள், அது கணக்கில் இல்லை. மீதி நாற்பதில் பத்துப் பத்தாக நான்கு குரூப். ஐந்து குண்டுக் குரூப்பை நம்பாதீர்கள். சுமாரான லாட்கூட ஐந்து குண்டில் அழகாக ஏமாற்றும். மிகச் சிறிய குரூப்பைப் பார்த்து மயங்காமல், நான்கில் மிக மோசமானது எந்த அளவு என்று பாருங்கள். போட்டியில் நம்மைக் கவிழ்ப்பது அந்த மோசமான குரூப்தான்.

எந்த நேரத்தில் சோதிப்பது என்பது நம் ஊரில் தனிக் கேள்வி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் 2.6 கிராம் ஈயம் எம்மாத்திரம்? நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் இளங்காற்றே 50 மீட்டரில் குண்டை ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தள்ளிவிடும். அதாவது பத்து வட்டத்தில் பாதி. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் விடாமல் சுற்றுகிற மாதங்களில் பகல் பத்து மணிக்கு மேல் தோட்டாவைச் சோதிப்பவர் காற்றைத்தான் சோதிக்கிறார். விடிந்ததும் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். அந்த நேரத்திலும் நாடா கட்டிய குச்சிகளை 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் நட்டு வையுங்கள். தளத்துக்கு வெளியே பனையோலை சலசலப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. உயரத்தில் ஓடுகிற காற்றும் குண்டு போகிற மட்டத்தில் ஓடுகிற காற்றும் ஒன்றல்ல. தோட்டாப் பெட்டியை நிழலில் வையுங்கள். வெயிலில் நின்ற காருக்குள் கிடந்த தோட்டாவைத் தொட்டால் மெழுகு விரலில் பிசுபிசுக்கும். அந்தக் குண்டு சொல்கிற முடிவை நம்ப முடியாது.

குரூப் பக்கவாட்டில் நெருக்கமாகவும் மேல் கீழாக நீண்டும் வந்தால் வேக வித்தியாசத்தைச் சந்தேகப்படுங்கள். நொடிக்கு 325 மீட்டரில் கிளம்பும் குண்டு 50 மீட்டருக்குள் புவியீர்ப்பால் சுமார் 12 சென்டிமீட்டர் விழுகிறது. இரண்டு குண்டுகளுக்கு இடையே நொடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் இருந்தால் விழும் அளவில் 7 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடும். பேரல் முனையில் பொருத்துகிற டியூனர் இந்த இடத்தில்தான் உதவுகிறது. சுடும்போது பேரல் அதிர்கிறது. வேகம் குறைந்த குண்டு சற்றுப் பிந்தி வெளியேறும். அந்தக் கணத்தில் முனை மேல்நோக்கி எழுந்துகொண்டிருந்தால், மெதுவான குண்டு ஒரு இழை உயரமாகப் புறப்பட்டு, கூடுதலாக விழுவதை ஈடுகட்டிக்கொள்ளும். டியூனரின் எடையை முன்னே பின்னே நகர்த்தி அந்த நேரத்தைப் பொருத்துகிறோம்.

லாட்டைத் தேர்ந்தெடுக்காமல் டியூனரைத் தொடாதீர்கள். தேர்ந்தெடுத்த பிறகு, டியூனரில் பொறித்த கோடுகளில் ஐந்து கோடு திருப்பிப் பத்துக் குண்டு, மறுபடி ஐந்து கோடு, பத்துக் குண்டு என்று போங்கள். ஒவ்வொரு குரூப்பின் உயரத்தை மட்டும் அளந்து கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வையுங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் புள்ளி திடீரென்று இறங்கியிருந்தால் அது தற்செயல். அடுத்தடுத்து மூன்று நான்கு புள்ளிகள் தாழ்வாக நிற்கிற பகுதியைக் கண்டுபிடித்து, அதன் நடுவில் டியூனரைப் பூட்டுங்கள். அதற்கு மேல் அதைச் சீண்ட வேண்டாம்.

டிரிகருக்கு 50 மீட்டர் ரைஃபிளில் எடை வரம்பு இல்லை. அதற்காகத் தும்மினால் வெடிக்கும்படி வைக்க வேண்டுமா? பிள்ளைகளுக்கு நான் 150 கிராமில் தொடங்கி, டிரிகர் இழுப்பின் முதல் கட்டம் விரலுக்குத் தெளிவாகத் தெரிந்த பிறகே குறைக்கிறேன். எந்தத் திருகைத் தொட்டாலும், தோட்டா இல்லாமல் போல்ட்டை வேகமாகச் சாத்திப் பாருங்கள், ரப்பர் பாயில் ஸ்டாக்கின் அடியைத் தட்டிப் பாருங்கள். தானாக விடுபட்டால் அந்த அமைப்பு ஆபத்து, உடனே எடையை ஏற்றுங்கள். காலியான அறையில் திரும்பத் திரும்ப டிரிகரை இழுக்கவும் கூடாது. பல ரைஃபிள்களில் ஊசி அறையின் விளிம்பில் மோதி அதைச் சிதைத்துவிடும். தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழக, ஏற்கெனவே சுட்டு முடித்த தோட்டாவின் காலிக் கூட்டை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

துடைப்பதில் இரண்டு கட்சி உண்டு. தினமும் துடை என்பது ஒன்று, குரூப் கெடும் வரை தொடாதே என்பது மற்றொன்று. நான் நடுவில் நிற்கிறேன். ஒவ்வொரு பயிற்சி முடிவிலும் பேரலைத் துடைக்கும் சிறு கம்பளி உருளைகள் இரண்டைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவேன், அவ்வளவுதான். தோட்டா அறைக்கு நேர் முன்னே கரி வளையமாக இறுகிக்கொள்ளும் இடத்தை மட்டும் விட்டுவைக்க மாட்டேன். தோட்டா உள்ளே போகும்போது விரலுக்கு இறுக்கம் தெரிந்தாலோ, காரணமில்லாமல் ஒரு குண்டு ஒன்பதுக்கு ஓடினாலோ முதல் சந்தேகம் அந்த வளையத்தின் மேல்தான். கரைப்பானில் நனைத்த துணியை அங்கே பத்து நிமிடம் நிறுத்தி, பிறகு வெண்கலப் பிரஷை அந்த இடத்தில் மட்டும் சுழற்றினால் கழன்றுவிடும். இப்படி ஆழமாகச் சுத்தம் செய்த பிறகு மெழுகுப் படலம் மறுபடி படிய வேண்டும். ஆகவே போட்டிக்கு முந்தின நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் ரைஃபிளைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் பெட்டியின் பஞ்சே ஈரத்தை இழுத்து இரும்பில் ஒட்டவைக்கும். அந்த மாதங்களில் வீட்டுக்கு வந்ததும் ரைஃபிளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, இரும்பில் விரல் பட்ட இடமெல்லாம் மெல்லிய எண்ணெய் பூசி, பூட்டுள்ள இரும்பு அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகளோடு நிறுத்துங்கள். போல்ட்டைத் தனியாக இன்னொரு பூட்டுக்குள் வையுங்கள். தை பிறந்ததும் திருகுகளின் முறுக்கை ஒரு தடவை சரிபார்த்து, தேர்ந்தெடுத்த லாட்டில் இரண்டு குரூப் சுட்டு, பழைய நோட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.